செவ்வாய்க்கிழமை எடுத்த படம்

பத்து விஷயம் வேண்டும் என்று சொல்லித்தான் பெரியவர் என்னைக் கானாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரியவர் என்றால் எங்கட ஹோட்டல் கொம்பனியின் டிரெக்டர், கொழும்புக்காரர். மேற்கு ஆபிரிக்கக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் புது ஹோட்டல் கட்ட யோசனை. அந்தக் கடற்கரையில் வெள்ளைக்காரர் வந்து செய்யக்கூடிய பத்துக் காரியத்தை நான் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரின் பெயரை இங்கே போட மாட்டேன். போட்டால் யாராவது போய்ப் பதினொராவதைக் கண்டுபிடிப்பான்.

எனக்கு இந்த வேலை புதிதில்லை. திருகோணமலைப் பக்கம் இறக்கக்கண்டியில் எங்கட ஹோட்டலில் பதினொரு வருஷமாக இந்தப் பட்டியல் எழுதுகிறவன் நான்தான். புறாத்தீவுக்குப் படகு, திமிங்கிலம் பார்க்கப் படகு, கன்னியா வெந்நீர்க் கிணறு, கோட்டைக்குள் மான் என்று எழுதி எழுதிக் கை பழகிப் போச்சு. ஏழாவது இப்படி இருக்கும்: புதன், சனி பின்னேரம் நாலு மணி, மீனவர்களோடு சேர்ந்து கரைவலை இழுத்தல். அந்த ஏழாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் தப்ப ஏலாது.

இன்னொரு வேலையும் வைத்திருந்தார் பெரியவர். கரையைக் கொம்பனிக்குக் கொடுக்கிறதா இல்லையா என்று அந்த ஊர்ச் சனம் செவ்வாய்க்கிழமை கூடி முடிவெடுக்கப் போகுது. அங்கே நான் எழும்பி, “நானும் மீனவனின் மகன்தான், எங்கட கரைக்கும் ஹோட்டல் வந்தது, நாங்கள் நல்லா இருக்கிறம்” என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னைத் தெரிந்தெடுத்தது. என் இங்கிலீஸ் திறம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு போன மடையன் நான்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். முதல் நாள் சாப்பாட்டிலேயே முடிந்தது. சோள மாவைப் புளிக்க வைத்து, சோளத் தோலில் சுற்றி, அவித்து ஒரு உருண்டை தருகிறார்கள், கென்கே என்று பெயர். கையில் எடுத்தால் பாரமான பாரம். பக்கத்தில் பொரித்த மீனும், பச்சை மிளகாயும் தக்காளியும் வெங்காயமும் அம்மி மாதிரி ஒரு மண் சட்டியில் அரைத்த சம்பலும். முதல் வாய் வைக்க, என்ன கோதாரி இது, மா பழுதாப் போச்சு என்று நினைத்தேன். மூன்றாவது வாயில் அந்தப் புளிப்பு பிடித்துக்கொண்டது. கண்ணால் தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டேன். பெரியவர் கரண்டி கேட்டார். கடைக்காரி சிரித்துவிட்டு உள்ளே போனவ, கரண்டியோடு திரும்பி வரவேயில்லை.

சனிக்கிழமை விடிய கடற்கரைக்குப் போனோம். கால் வைக்க இடமில்லை. ஒரே மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்கள், எங்கட வள்ளத்தைப் போல மூன்று மடங்கு நீளம், பக்கம் முழுக்கச் சாயமும் வேத வசனமும். இறங்குகிற வள்ளம், ஏறுகிற வள்ளம், அதுக்கு நடுவில் தலையில் பேசின் வைத்த பெண்கள். ஆண்களுக்குக் கடலில் பிடிக்கிறதோடு வேலை சரி. கரை தட்டின உடனே மீன் பெண்களின் கைக்குப் போய்விடும். அந்தப் பெண்களுக்கு ஒரு தலைவி இருக்கிறா. ஐம்பது வயது இருக்கும், பெயர் எஃபுவா. அவ வாயைத் திறந்து விலை சொல்லும்வரை ஒரு சாளை மீன்கூட அசையாது. எங்கட கிண்ணியா மீன் ஏலத்தில் தொண்டை கிழியக் கத்துகிற ஆம்பிளைகள் இவவிடம் வந்து பழக வேண்டும்.

ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் க்வாமே எங்களுக்கு இங்கிலீஸில் மொழிபெயர்த்தார். அமைதியான ஆள், சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவார். எஃபுவா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்தக் கிழமை பிறந்தனான் என்று கேட்டா. வெள்ளிக்கிழமை, ஜும்மா பாங்கு சொல்லக்குள்ள என்று உம்மா ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறா, அதனால் யோசிக்காமல் சொன்னேன். அங்கே பிறந்த கிழமைதான் பெயராம். அப்ப உன் பெயர் கோஃபி, நானும் வெள்ளிதான், எஃபுவா என்றாலே வெள்ளிக்கிழமைக்காரி என்றா. அதற்குப் பிறகு கடற்கரை முழுக்க என்னைக் கோஃபி என்றே கூப்பிட்டார்கள். பெரியவர் தான் பிறந்த கிழமை தெரியாது என்றார். அவருக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

கூட்டத்தை ஏன் செவ்வாயில் வைத்தது என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன். அன்றைக்குத்தான் எல்லா ஆம்பிளையும் கரையில் இருப்பான் என்றார் பெரியவர். நானும் மண்டையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

ஞாயிறு கோட்டை பார்க்கப் போனோம். ஊரில் எல்லோரும் வெள்ளை உடுத்தி வேதக் கோயிலுக்குப் போய்விட, எங்களுக்கு வேறு வேலையில்லை. ஜீப் வராமல், ட்ரோ-ட்ரோ என்கிற வேனில் போக வேண்டி வந்தது. கதவு கயிற்றில் கட்டியிருந்தது. அதை ஒருத்தன் கையால் பிடித்துக்கொண்டே வந்தான். ஏத்தத்தில் எஞ்சின் நின்றுபோக, எல்லோரும் இறங்கித் தள்ளினோம், பெரியவரும் தள்ளினார். அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயன் கட்டி, ஒல்லாந்தன் பிடித்து, இங்கிலீஸ்காரன் வைத்திருந்தானாம். திருகோணமலைக் கோட்டையும் அதே மூன்று பேரின் கையால் போனதுதான், அதனால் உள்ளே போகும்போது ஏதோ தெரிந்த வீட்டுக்குப் போகிற மாதிரித்தான் போனேன். உள்ளே ஒரு சின்ன வாசல், ஒரு ஆள் சரிந்து போகிற அளவு. அதால்தான் ஆக்களைப் பிடித்துக் கப்பலுக்கு ஏற்றினார்களாம். ஒரு வெள்ளைக்காரப் பெட்டை அந்த வாசலில் நின்று தன்னைப் படம் எடுத்தா. பெரியவர் இதை இரண்டாவதாகப் போடு, நல்ல சாமான் என்றார். எழுதினேன். எழுதிவிட்டு அன்றைக்கு முழுக்க அவரோடு கதைக்கப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை ஜீப் வந்தது, வந்து நேராக மணலில் புதைந்தது. மணலில் இறக்க வேண்டாம் என்று நான் சொன்னனான். நிலாவெளி மணலில் எத்தனை வாகனம் புதைந்ததைக் கண்டவன் நான். பெரியவர் கேட்கவில்லை. பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், கையில் இருந்த வலையை முடித்துவிட்டு, அதே கயிற்றை ஜீப்பில் கட்டி இழுத்தார்கள். வலைக்குப் பாடுகிற பாட்டையே ஜீப்புக்கும் பாடினார்கள். வெளியே வந்ததும் ஒருத்தன் ஏதோ சொல்ல, கரையே சிரித்தது. கயிறு பிடிச்ச எல்லாருக்கும் பங்கு இருக்குது, ஜீப்பில எனக்கு எந்தத் துண்டு என்று கேட்கிறானாம்.

பெரியவர் காசு எடுக்கப் போக, எஃபுவா வேண்டாம் என்று கையைக் காட்டினா. பதிலுக்குக் கோஃபி அடுத்த வலையை இழுக்கட்டும் என்றா.

இழுத்தேன். பதினொரு வருஷத்துக்குப் பிறகு உண்மையான வலை. குதியை மணலில் புதைத்து, இடுப்பைப் பின்னால் போட்டு, முன்னால் நிற்கிறவனின் அடியோடு அடி வைத்துப் பின்னுக்குப் போகிற அந்த நடை என் காலுக்கு மறக்கவில்லை. அவர்களும் கண்டுகொண்டார்கள். பக்கத்தில் நின்ற கிழவன் என் காலைக் காட்டி மற்றவனுக்கு ஏதோ சொன்னான். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. வலையின் நுனிப் பையான மடி கரையேறினபோது சாளையும் நெத்தலியும் வெள்ளை வெள்ளையாகத் துடித்தன. ஒரு பெண் குந்தியிருந்து கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் அள்ளி வைத்தா. எனக்கும் ஒரு குவியல் வைத்தா, மற்றவனுக்கு வைத்த அதே அளவு. நான் விருந்தாளி, எனக்கு வேண்டாம் என்றேன். கயிறு பிடிச்சனியோ இல்லையோ என்று கேட்டா எஃபுவா, க்வாமே சிரித்தபடி சொன்னார். வாங்கிக்கொண்டேன். ஒரு வீட்டில் கொடுத்துப் பொரிக்கச் சொல்லிச் சாப்பிட்டேன்.

இனி ஏழாவதைச் சொல்ல வேண்டும்.

கரைவலை இழுக்க ஒதுக்கின கரைத் துண்டுக்கு எங்கட பக்கம் பாடு என்று சொல்லுவோம். எங்கட பாடு வாப்பாவிடம் இருந்து என் நானாவுக்கு வந்தது. நானா என்றால் அண்ணன், என்னைவிட எட்டு வயது மூப்பு. அந்தக் கயிற்றிலும் கை வைத்தவனுக்குக் கறிக்கு மீன் இருந்தது. ரோட்டால் போகிறவன் வந்து பிடித்தாலும் இருந்தது. இப்போது அந்தப் பாட்டில் ஹோட்டலின் சாய்மனைக் கதிரைகள் நிற்கின்றன. நானா கிழமைக்கு இரண்டு நாள் அங்கே வந்து, ஆழமில்லாத தண்ணியில் ஒரு பழைய வலையை விட்டு, வெள்ளைக்காரரோடு சேர்ந்து இழுக்கிறார். வெறும் மடி வந்தால் அவர்களுக்கு முகம் வாடும் என்று, ஐஸ் பெட்டியில் இருக்கிற நாலைந்து பாரையை முன்னமே மடிக்குள் போட்டு விடுவோம். போடுகிறதும் நானாதான். இதை யோசித்து எழுதினது நான். ஏன் நானா இந்தக் கூத்துக்கு, வேறு ஆளின் பாட்டில் இழுக்கலாமே என்று முதலில் கேட்டேன். “அடுத்தவன்ட கரையில நெசமா இழுக்கிறதை விட என்ட கரையில பொய்யா இழுத்திட்டுப் போறன்” என்றார். பிறகு எனக்கும் அவருக்கும் ஓம், இல்லை என்பதைத் தவிரக் கதையில்லை.

திங்கள் பின்னேரம் பெரியவர் கூட்டத்துக்குப் படித்துக்கொள் என்று ஒரு ஃபைலைத் தந்தார். நான் பேச வேண்டியதை அரைப் பக்கத்தில் அடித்திருந்தார்கள். அதுக்குக் கீழே கரையைப் பற்றிய அறிக்கை, அதில் இரண்டு படம். வள்ளங்கள் எல்லாம் மேலே ஏற்றி வரிசையாகக் கிடக்க, ஒரு குருவி இல்லாத கடற்கரை. மீன்பிடி வேலை எதுவும் காணப்படவில்லை, பயன்படாத கரை என்று எழுதியிருந்தது. இது எந்த ஊர்ப் படம் என்று யோசித்தேன். நான் பார்த்த கரையில் நடக்கவே வழி இருக்கவில்லை.

செவ்வாய் விடிய நடந்து போனேன். அதே படம் எனக்கு முன்னால் கிடந்தது. வள்ளங்கள் மேலே, வலைகள் மடித்து, கடலில் ஒரு சீவன் இல்லை. நிழலில் சிலர் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார்கள். க்வாமேயிடம் இன்றைக்கு என்ன, யாராவது மௌத்தோ, சாவு வீடோ என்று கேட்டேன். செவ்வாய் கடலுடைய நாள் என்றார். அன்றைக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாது, இறங்கினால் ஊர் தண்டிக்கும், அவரின் பாட்டன் காலத்துக்கும் முந்திய வழக்கம். எங்கட ஊரிலும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடியும்வரை வலை இறங்காது. எனக்கு உடனே விளங்கியது. அறிக்கையில் படம் எடுத்த திகதி போட்டிருந்தது. கைபேசியில் கலண்டரைத் தட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை.

தெரியாமல் எடுத்தார்கள் என்று நினைக்க ஏலாது. செவ்வாயில்தான் எல்லா ஆம்பிளையும் கரையில் இருப்பான் என்று என்னிடம் சொன்னது அதே பெரியவர்தான்.

மணலில் அப்படியே குந்திவிட்டேன். கோபம் அவரில் மட்டும் இருந்திருந்தால் எழும்பியிருப்பேன். எங்கட கரையை அளக்க வந்தவர்கள் மாரியில் வந்தார்கள். மாரியில் எங்கட கடல் கரைவலைக்கு விடாது. வலையைப் பரணில் ஏற்றிவிட்டுப் பங்குனி வரும்வரை வேறு வேலை பார்ப்போம். அப்போது எனக்கு வேலையில்லை, வயது இருபத்தாறு. இங்கிலீஸ் கொஞ்சம் தெரியும் என்று அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் தந்தார்கள். இங்கே யாரும் வலை போடுகிறவையோ என்று கேட்டார்கள். இப்ப ஒருத்தரும் போடுறதில்லை என்று சொன்னேன். மாரி முடிய என் நானா வருவார், இது அவரின் பாடு என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டேன். ஹோட்டல் வந்தால் எனக்கு ஒரு வேலை இருக்கும் என்று அளக்க வந்தவர்களில் ஒருத்தர் சற்று முன்னர் சொல்லியிருந்தார். எழுதினார்கள், பயன்படாத கரை என்று. பங்குனியில் நானா வலையோடு வரக் கம்பி வேலி நின்றது. அரசாங்கம் செய்த வேலை, கொழும்பு செய்த வேலை என்று ஊரோடு சேர்ந்து நானும் ஏசினேன். கூடுதலாக ஏசினது நான்.

கூட்டம் பின்னேரம், வலை பொத்துகிற பெரிய கொட்டகையில். ஆம்பிளைகள் ஒரு பக்கம், எஃபுவாவும் பெண்களும் ஒரு பக்கம், நடுவில் எங்களுக்குக் கதிரை. பெரியவர் வடிவாகக் கதைத்தார். வேலை, ரோடு, கிளினிக் என்று எல்லாம் வந்தது. பிறகு என்னைக் காட்டி, இவரும் உங்களைப் போல மீனவக் குடும்பம், இவர் சொல்லட்டும் என்றார்.

எழும்பினேன். அரைப் பக்கத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஃபைலில் இருந்த படத்தை எடுத்து க்வாமேயிடம் கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

“இதில உங்கட கரை சும்மா கிடக்குது எண்டு எழுதியிருக்கு. இது செவ்வாய்க்கிழமை எடுத்த படம்.”

க்வாமே ஒருதரம் படத்தைப் பார்த்தார், பிறகு கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். படம் கைக்குக் கை போனது. பெரியவர் நேரம் போச்சு என்று இங்கிலீஸில் சொல்லி என் சட்டைக் கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டு மற்றதையும் சொன்னேன். எங்கட கரையையும் வலை இறங்காத மாதத்தில் வந்து அளந்தார்கள், என் நானா இப்போது தன் கரையில் விளையாட்டு வலை இழுக்கிறார், ஐஸ் மீனை மடிக்குள் போட்டு இழுக்கிறார் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. நான் ஏதோ பெரிய மனுசன் ஆகிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு. கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எஃபுவா கைதட்டவில்லை. எழும்பாமல், இருந்த இடத்தில் இருந்தே ஒன்று கேட்டா. க்வாமே என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

“அளக்க வந்தவர்களுக்கு உங்கள் அண்ணனுடைய கரையைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்கிறா.”

அரசாங்கம் என்று சொல்லியிருக்கலாம். பதினொரு வருஷம் சொன்னதுதானே, வாய் தன்பாட்டில் சொல்லியிருக்கும். அந்தப் பெண் ஏன் அதைக் கேட்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மீன் விலை சொல்கிறவளுக்கு நாறின மீன் தெரியாமலா போகும்.

“நான்தான்” என்றேன்.

க்வாமே சொல்லத் தேவையும் இருக்கவில்லை, இங்கிலீஸ் தெரிந்த நாலு பேர் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை என் காலைக் காட்டிப் பேசின கிழவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். எஃபுவா பிறகு நேற்றுத் தந்த மீனைச் சாப்பிட்டனியோ என்று கேட்டா. ஓம் என்றேன். சரி, கயிறு பிடிச்சவனுக்குப் பங்கு, அதை ஒருத்தரும் திருப்பிக் கேட்க மாட்டினம், இனி இரண்டு பேரும் வெளியே போங்கள், நாங்கள் கதைக்க வேண்டும் என்றா. அதில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. பெரியவரும் நானும் ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தராக வெளியே வந்தோம். அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்ல ஆளில்லை.

பெரியவர் ஏசவில்லை. நாளைக்கே நீ போ, ஊருக்குப் போனதும் ஹோட்டல் பக்கம் வராதே என்று மட்டும் சொன்னார். பட்டியலைக் கேட்டார். கொடுத்தேன். ஐந்துதான் எழுதியிருந்தேன், ஐந்தாவது கென்கே.

புதன் காலை பத்து மணிக்கு, பையைக் கட்டி வைத்துவிட்டு நானாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே பின்னேரம் மூன்றரை. இரண்டாவது தரம்தான் எடுத்தார். என்ன, சுகமோ என்றார். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன், சுத்தி வளைத்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். அன்றைக்கு அளவு நாடா பிடித்தது நான், இப்ப ஒருத்தரும் வலை போடுறதில்லை என்று சொன்னது நான், வேலைக்காகச் சொன்னனான், நேற்று இங்கே எல்லாருக்கும் முன்னால் அதை ஒத்துக்கொண்டனான், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க நானா என்றேன்.

லைன் அறுந்து போச்சோ என்று நினைத்து ஹலோ என்றேன்.

“கேக்குது” என்றார். “எனக்கு அப்பவே தெரியும். நாடா பிடிச்சிட்டு நிண்டதை எத்தனை பேர் கண்டவங்க. நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்திட்டு இருந்தனான். உன்ட ஹோட்டல் கேட்டில இருந்து என்ட வீட்டுக்கு நடந்தா ஆறு நிமிசம். அதைச் சொல்ல ஆபிரிக்கா வரைக்கும் போனியா, தம்பி?”

எனக்கு அழுகை வந்தது. அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“சரி, வைக்கிறன்” என்றார் நானா. “இண்டைக்குப் புதன். நாலு மணிக்கு ஆக்கள் வந்திருவாங்க. மீனை மடிக்குள்ள போடணும்.”